பொறியுறை பிரித்தல் (விசையுந்து)

பொறியுறை பிரித்தல் என்பது, விசையுந்தின் உந்துபொறியில் வணரித்தண்டைத் தாங்கி நிற்கும் உலோக உறையின் இரு பாதிகளையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி எடுக்கும் பழுதுபார்ப்புச் செயல் ஆகும். பட்டறை வழக்கில் இது கேஸ் பிரித்தல் எனப்படுகின்றது. வணரித்தண்டு, அதன் தாங்கிகள், இணைப்புத்தண்டின் பெருமுனை ஆகியவற்றைப் பழுதுபார்க்க இதைத் தவிர வேறு வழி இல்லை. பல்லிணைப் பெட்டியும் அதே உறைக்குள் அமைந்த பொறிகளில் பல்லிணைகளைப் பார்ப்பதற்கும் இதுவே வழியாகும்.

நல்ல நிலையில் உள்ள பொறியின் உறை சில மணி நேரத்தில் பிரிந்துவிடும். நெடுங்காலம் ஓடாமல் நின்ற, அல்லது மழைநீரில் மூழ்கிய பொறியின் உறை எளிதில் பிரிவதில்லை. அத்தகைய உறையை வலிந்து பிரிக்க முயலும்போது அது விரிசல் காண்பதுண்டு. இந்தியாவில் பொறி எண் இவ்வுறையிலேயே பொறிக்கப்படுவதால், உறை உடைவது வண்டியின் பதிவு ஆவணங்களையும் பாதிக்கக்கூடியது.

சொற்கள்

இக்கட்டுரையில் பயன்படுத்தப்படும் சொற்களுக்கு வட சென்னைப் பட்டறைகளில் வழங்கும் பெயர்கள் பின்வருமாறு: பொறியுறை என்பது கிராங்க்கேஸ், வணரித்தண்டு என்பது கிராங்க், தாங்கி என்பது பேரிங், ஆடுதண்டு என்பது பிஸ்டன், உருளை என்பது சிலிண்டர் அல்லது பிளாக், பல்லிணைப் பெட்டி என்பது கியர்பாக்ஸ், இடைத்தாள் என்பது பேக்கிங் அல்லது கேஸ்கட், இழுப்பான் என்பது புல்லர்.

பின்னணி

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவான ராயல் என்ஃபீல்டு புல்லட் வண்டியை இந்தியாவில் தயாரிப்பதற்காக, மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. அதன் ஆலை மாதவரத்துக்குக் கிழக்கே கடற்கரையை ஒட்டிய திருவொற்றியூரில் அமைந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் இங்கே பூட்டப்பட்டன. பின்னர் அனைத்துப் பாகங்களும் உள்நாட்டிலேயே வார்க்கப்பட்டன. 1990களில் இந்நிறுவனம் ஐச்சர் குழுமத்தின் கைக்கு வந்தது.

வார்ப்பிரும்பு உருளை கொண்ட பழைய புல்லட் பொறி, சிறு மாற்றங்களுடன் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தயாரிக்கப்பட்டு, ஏறத்தாழ 2010இல் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தைப் பல்லிணைப் பெட்டியும் பொறியும் ஒரே உறைக்குள் அமைந்த புதிய பொறி பிடித்தது. தயாரிப்பு நின்றுவிட்ட போதிலும் பழைய பொறி கொண்ட வண்டிகள் இன்றும் பெருமளவில் ஓடுகின்றன. தந்தையின் வண்டியை மகன் வைத்திருப்பதும், ஆண்டுக்கணக்கில் வீட்டு வாசலில் நின்ற வண்டியை மீண்டும் ஓட்ட விரும்புவதும் இவ்வண்டிகளைப் பொறுத்தவரை இயல்பாகக் காணப்படுவனவாகும். வீட்டிலேயே பொறியைப் பிரிக்கும் வழக்கம் பெரும்பாலும் இத்தகைய வண்டிகளைச் சுற்றியே அமைகின்றது.

உறையின் அமைப்பு

விசையுந்துப் பொறியுறைகள் பிளவுபடும் தளத்தைப் பொறுத்து இருவகைப்படும்.

செங்குத்துப் பிளவு: உறை இடப்பாதி, வலப்பாதி என இரண்டாகப் பிரியும். புல்லட், ஜாவா, யெஸ்டி, யமாகா ஆர்எக்ஸ் 100 ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. வணரித்தண்டின் ஒரு முனை இடப்பாதியின் தாங்கியிலும், மறுமுனை வலப்பாதியின் தாங்கியிலும் அமர்ந்திருக்கும். எனவே உறையைப் பிரிப்பது என்பது தண்டிலிருந்து ஒரு தாங்கியையோ, உறையிலிருந்து ஒரு தாங்கியையோ உருவி எடுப்பதாகவும் ஆகின்றது.

கிடைப் பிளவு: உறை மேற்பாதி, கீழ்ப்பாதி எனப் பிரியும். 1980களில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் தயாரித்த ராஜ்தூத் 350 இவ்வகையைச் சேர்ந்தது. இதில் வணரித்தண்டு இரு பாதிகளுக்கும் இடையே படுத்திருப்பதால், தாங்கியின் இறுக்கம் பிரித்தலுக்குத் தடையாக இருப்பதில்லை. இணைப்புத் தளத்தில் உள்ள பசையும் நிலைநிறுத்தும் ஊசிகளுமே பிடித்துக்கொண்டிருக்கும்.

உறையின் இரு பாதிகளும் தொழிற்சாலையில் ஒன்றாகப் பூட்டிய நிலையில் துளையிடப்படுகின்றன. ஆகையால் அவை இணை பிரியாத சோடியாகும். ஒரு வண்டியின் இடப்பாதியையும் மற்றொரு வண்டியின் வலப்பாதியையும் சேர்த்தால் தாங்கித் துளைகள் ஒரே நேர்கோட்டில் அமையும் என்பதற்கு உறுதி இல்லை.

இறுகிப்போவதற்கான காரணங்கள்

உறை பிரியாமல் இருப்பதற்கான காரணங்களில் சில இயல்பானவை. வேறு சில காலத்தாலும் சூழலாலும் ஏற்படுபவை.

1. தாங்கியின் இறுக்கப் பொருத்தம். தாங்கி அலுமினிய உறைக்குள் சுழன்றுவிடாமல் இருக்க, துளை அதைவிடச் சற்றே சிறிதாகக் கடையப்பட்டிருக்கும். இது பழுதன்று, வடிவமைப்பின் பகுதியாகும்.

2. இணைப்புத் தளத்தின் பசை. முந்தைய பழுதுபார்ப்பில் தடிமனாகப் பூசப்பட்ட பசை காய்ந்து கெட்டியாகிவிடுகின்றது. சென்னைப் பட்டறைகளில் எந்த நிறுவனத்தின் பசையானாலும் அதை அனபான்ட் என்றே அழைப்பர்.

3. ஊசிகளின் அரிப்பு. இரு பாதிகளையும் நேராக நிறுத்தும் எஃகு ஊசிகள் அலுமினியத்துக்குள் செருகப்பட்டுள்ளன. உப்புக் கலந்த ஈரம் இவ்விரு உலோகங்களுக்கும் இடையே புகுந்தால் மின்வேதி அரிப்பு நிகழும். அப்போது அலுமினியம் கரைந்து வெண்ணிறத் தூளாகப் படிகின்றது. இத்தூள் மூல உலோகத்தை விட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் ஊசி இறுகிவிடுகின்றது. காசிமேடு முதல் எண்ணூர் வரையிலான கடலோரப் பகுதிகளில் வெளியே நிறுத்தப்படும் வண்டிகளுக்கு இவ்வாய்ப்பு மிகுதி.

4. நீர் புகுதல். 2015 திசம்பர் வெள்ளத்திலும், 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான வண்டிகள் நீரில் மூழ்கின. காற்றுவடிகட்டி, புகைக்குழாய், மூச்சுக்குழாய் ஆகியவற்றின் வழியே உள்ளே சென்ற நீர் உறையின் அடியில் தங்கி, தாங்கிகளையும் உருளைச் சுவரையும் துருப்பிடிக்கச் செய்கின்றது.

5. கழற்றப்படாத திருகாணி. அழுக்கால் மூடப்பட்ட, அல்லது மற்றொரு பாகத்தின் அடியில் மறைந்துள்ள ஒரு திருகாணி மட்டும் எஞ்சி நிற்பதுண்டு. இறுகிய உறை என்று கருதி அடிக்கப்பட்டு உடைந்த உறைகளில் பல உண்மையில் இவ்வகையினவே.

முன்னேற்பாடு

முதலில் பொறி எந்த இடத்தில் இறுகியுள்ளது என்பதை அறிய வேண்டும். உதைமிதியை அழுத்தும்போது அது அசையவில்லை என்றால், ஆடுதண்டு உருளையோடு துருவால் ஒட்டியிருக்கலாம், அல்லது தாங்கி இறுகியிருக்கலாம். உருளைத் தலையைக் கழற்றிப் பார்த்தால் இது தெளிவாகும். ஆடுதண்டு ஒட்டியிருப்பின், அதன் மேல் டீசல் அல்லது துருநீக்கி எண்ணெயை ஊற்றிச் சில நாட்கள் ஊறவிட்டு, பின்னர் மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டி இறக்குவர். உருளையை எடுக்காமல் உறையைப் பிரிக்க இயலாது.

நீரில் மூழ்கிய வண்டியை முதலில் உதைத்துப் பார்ப்பது தவறாகும். நீர் சுருங்காத பொருள் என்பதால் இணைப்புத்தண்டு வளைந்துவிடும். எண்ணெயை முழுவதும் வடித்து, தீப்பொறிச் செருகியைக் கழற்றிய பின்னரே பொறியைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும்.

தேவைப்படும் கருவிகள் வருமாறு: வண்டிக்குரிய இழுப்பான்கள், தட்டித் திருப்பும் திருப்புளி, கொட்டாப்புளி அல்லது ரப்பர் சுத்தியல், வெப்பமூட்டும் துப்பாக்கி, உறையின் கனத்தைத் தாங்கும் மரச்சட்டம். திருகாணிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நீளத்தில் இருக்கும். அட்டையில் உறையின் வடிவத்தை வரைந்து, கழற்றிய திருகாணியை அதனதன் இடத்தில் குத்தி வைக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. நீளமான திருகாணியை ஆழமற்ற துளையில் முறுக்கினால் உறை அடியில் வெடித்துவிடும் என்பதே இதன் காரணமாகும்.

பிரிக்கும் முறை

செங்குத்துப் பிளவு கொண்ட உறைக்கான பொது முறை கீழ்க்கண்டவாறு அமைகின்றது.

முதலில் உறைக்கு வெளியே உள்ள பாகங்கள் யாவும் கழற்றப்படுகின்றன. மின்னாக்கிச் சக்கரம், உரசிணைப்பி, முதன்மைச் சங்கிலி அல்லது பற்சக்கரம், நேரப் பற்சக்கரங்கள் ஆகியவை இவற்றுள் அடங்கும். கூம்பு வடிவத் தண்டில் அமர்ந்துள்ள பாகங்களை அவற்றுக்குரிய இழுப்பானைக் கொண்டே எடுக்க வேண்டும்.

பின்னர் உறையின் திருகாணிகள் மூலைக்கு மூலை மாற்றி, ஒவ்வொன்றும் கால் சுற்று வீதம் தளர்த்தப்படுகின்றன. தலை தேய்ந்த திருகாணியைத் தட்டித் திருப்பும் திருப்புளி பெரும்பாலும் விடுவித்துவிடும். அனைத்தும் வந்தபின், அட்டையில் காலி இடம் ஏதேனும் உள்ளதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, உறை இழுப்பான் பொருத்தப்படுகின்றது. இது நடுவில் ஒரு பெரிய மரையாணியும், சுற்றிலும் உறையில் பூட்டுவதற்கான மரையாணிகளும் கொண்ட தடித்த எஃகுத் தகடாகும். நடு மரையாணி வணரித்தண்டின் முனையைத் தள்ள, உறை எதிர்த்திசையில் இழுக்கப்படுகின்றது. லேத் பட்டறைகளில் இதைக் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம். தண்டின் மரை சிதையாமல் இருக்க, அதன் மரைச்சுருளை முனையோடு சமமாக வரும்படி மாட்டிவைக்க வேண்டும்.

நடு மரையாணியைச் சிறிது முறுக்கியபின் நிறுத்தி, இணைப்புத் தளத்தைச் சுற்றிலும் பார்க்க வேண்டும். இடைவெளி எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் ஒட்டியிருந்தால், ஒட்டியுள்ள பக்கத்தை அதன் தடித்த பகுதியில் கொட்டாப்புளியால் தட்டிச் சமப்படுத்த வேண்டும். பல்லிணைப் பெட்டி உள்ள உறைகளில் பல்லிணைத் தண்டின் முனையையும் மாறி மாறித் தட்ட வேண்டியிருக்கும். கோணலாகச் செல்லும் உறையை மேலும் இழுத்தால் தாங்கித் துளை நீள்வட்டமாகிவிடும்.

வெப்பத்தின் பயன்பாடு

இழுத்தும் வராத உறைக்கு வெப்பமே முதன்மையான தீர்வாகும். அலுமினியம் ஒரு பாகை செல்சியசுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 23 மைக்ரோமீட்டரும், எஃகு ஏறத்தாழ 12 மைக்ரோமீட்டரும் விரிகின்றன. 62 மி.மீ. வெளிவிட்டம் கொண்ட 6305 எண் பந்துத் தாங்கியை எடுத்துக்கொண்டால், உறையை 30 பாகையிலிருந்து 110 பாகைக்குச் சூடாக்கும்போது துளை 0.114 மி.மீ. விரிகின்றது. தாங்கியும் அதே அளவு சூடானாலும் அது 0.06 மி.மீ. மட்டுமே விரியும். எஞ்சும் 0.05 மி.மீ. இடைவெளி பொதுவாக இறுக்கத்தை நெகிழ்த்தப் போதுமானது. உறை விரைவாகச் சூடேறித் தாங்கி குளிர்ந்தே இருந்தால் இடைவெளி இன்னும் கூடும்.

தாங்கியைச் சுற்றியுள்ள பகுதியைப் பரவலாகச் சூடாக்க வேண்டும். ஒரே இடத்தில் கூர்மையான தீச்சுடரைக் காட்டினால் வார்ப்பு கோணிக்கொள்ளும். ஒரு சொட்டு நீரைத் தெளித்தால் அது உடனே சுரீரெனக் கொதித்து ஆவியாவது போதிய வெப்பத்துக்கு எளிய அடையாளமாகும். அரிப்பால் ஒட்டிய ஊசிகளுக்குச் சூடாக்குதல், துருநீக்கி எண்ணெய் இடுதல், குளிரவிடுதல் என்னும் சுழற்சியைப் பலமுறை செய்ய வேண்டியிருக்கும். இதற்குச் சில நாட்கள் ஆவதும் உண்டு.

எடுத்துக்காட்டு: வார்ப்பிரும்பு உருளைப் புல்லட்

70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட 346 கன செ.மீ. புல்லட் பொறி, வீட்டில் பிரிப்பதற்கு ஒப்பீட்டளவில் எளியது. பல்லிணைப் பெட்டி தனியாக இருப்பதால் உறைக்குள் வணரித்தண்டு மட்டுமே இருக்கும். ஆயினும் இப்பொறிக்கே உரிய சில இடர்கள் உள்ளன.

- எண்ணெய்த் தொட்டி உறையின் ஒரு பகுதியாகவே வார்க்கப்பட்டுள்ளது. ஆகவே தொட்டியையும் வணரியறையையும் தனித்தனியே வடிக்க வேண்டும்.

- உருளையைப் பிடிக்கும் மரைகளுள் ஒன்று தட்டிகள் உள்ள சிற்றறைக்குள் மறைந்துள்ளது. அதைக் கவனியாமல் உருளையை நெம்பினால் உருளையின் அடிவிளிம்பு உடையும்.

- வணரித்தண்டின் வலமுனையில் எண்ணெய் இறைப்பிகளைச் சுழற்றும் புழுப்பல்லிணை இடம்புரி மரை கொண்டது. வழக்கமான திசையில் திருப்பினால் அது மேலும் இறுகி, தண்டின் மரை அறுந்துபோகும்.

- பெருமுனைத் தாங்கிக்கு எண்ணெய் இம்முனை வழியாகவே செல்கின்றது. ஆகவே வலமுனையைச் சுத்தியலால் அடிப்பது எண்ணெய் வழியையும் கெடுக்கும்.

- நேரப் பற்சக்கரங்களில் உள்ள புள்ளிக் குறிகளைக் கழற்றும் முன்பே ஒளிப்படம் எடுத்துக்கொள்வது நன்று.

இருவீச்சுப் பொறிகள்

யமாகா ஆர்எக்ஸ் 100 போன்ற இருவீச்சுப் பொறிகளில் எரிபொருள் கலவை முதலில் வணரியறைக்குள் சென்று, அங்கே அழுத்தப்பட்ட பின்னரே உருளைக்குச் செல்கின்றது. எனவே உறையின் இணைப்பு காற்றுப் புகாததாக இருத்தல் இன்றியமையாதது. நால்வீச்சுப் பொறியின் இணைப்புத் தளத்தில் ஏற்படும் கீறல் எண்ணெய்க் கசிவை மட்டுமே தரும். இருவீச்சுப் பொறியில் அதே கீறல் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவை மெலிந்து, வெப்பம் மிகுந்து, ஓடும்போதே ஆடுதண்டு உருளையோடு இறுகிவிடக்கூடும். வேகமாகச் செல்லும் வண்டியின் பின்சக்கரம் இதனால் திடீரெனப் பூட்டிக்கொள்வது உயிருக்கே இடராகும்.

பொதுவான தவறுகள்

திருப்புளியையோ உளியையோ இணைப்புத் தளத்துக்குள் செருகி நெம்புவதே மிகப் பரவலான தவறாகும். சமதளமாகக் கடையப்பட்ட அலுமினியத்தில் இது பள்ளத்தை உண்டாக்கும். பசையால் அப்பள்ளத்தை நிரந்தரமாக அடைக்க இயலாது. நெம்புவதற்கென்றே சில உறைகளில் தளத்துக்கு வெளியே காதுகள் விடப்பட்டிருக்கும். அவை இருப்பின் அவற்றை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

வணரித்தண்டின் முனையில் இரும்புச் சுத்தியலால் அடிப்பது மற்றொன்று. மேற்கூறிய பொறிகளின் வணரித்தண்டு ஒரே துண்டு அன்று. இரு சக்கரங்களை ஓர் ஊசியால் இணைத்து உருவாக்கப்படுவது. ஒரு முனையில் விழும் அடி இச்சக்கரங்களின் நேர்கோட்டைக் குலைக்கும். மீண்டும் பூட்டியபின் வண்டியில் தோன்றும் இனந்தெரியா அதிர்வுக்கு இதுவே காரணமாவதுண்டு. பிரித்த வணரித்தண்டை லேத் பட்டறையில் இரு முனைகளிலும் தாங்கவைத்து, முள்மானியால் ஓட்டம் பார்த்துச் சீர்செய்துகொள்ள வேண்டும்.

உறையும் பொறி எண்ணும்

இந்தியாவில் வண்டியின் பதிவுச் சான்றிதழில் அடிச்சட்ட எண்ணும் பொறி எண்ணும் குறிக்கப்படுகின்றன. பொறி எண் பொறியுறையில் பொறிக்கப்பட்டுள்ளது. தனியார் விசையுந்துக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் பதிவைப் புதுப்பிக்க வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்ட வேண்டும். அப்போது இவ்வெண்கள் சரிபார்க்கப்படும்.

ஆகவே உறை உடைந்தால், புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளில் வேறோர் உறையை வாங்கிப் பூட்டுவது முழுத் தீர்வாகாது. அவ்வுறை வேறொரு வண்டியின் எண்ணைத் தாங்கியிருக்கும். அவ்வண்டி திருட்டுப் போனதாகவும் இருக்கலாம். பொறியை மாற்றுவது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின் கீழ் வரும் மாற்றமாகும். பதிவு அலுவலரின் ஒப்புதலும் சான்றிதழில் பதிவும் அதற்குத் தேவை. உறையின் விரிசல் எண் பொறித்த இடத்திலிருந்து விலகி இருப்பின், ஆர்கான் பற்றவைப்பு மூலம் அதை மூடி, தளத்தை மீண்டும் கடைந்து பயன்படுத்துவதே பெரும்பாலும் விரும்பப்படுகின்றது. எண் உள்ள பகுதியைத் தேய்ப்பதையும் உப்புத்தாள் இடுவதையும் தவிர்க்க வேண்டும்.

மீண்டும் பூட்டுதல்

இணைப்புத் தளத்தில் உள்ள பழைய இடைத்தாளைக் கரைப்பானில் ஊறவைத்து, மரத்துண்டு அல்லது கடின நெகிழித் துண்டால் சுரண்ட வேண்டும். பழைய இடைத்தாள்களில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பலாகாது. தாங்கிகளையும் எண்ணெய் முத்திரைகளையும் புதிதாக மாற்றுவது நன்று. புதிய தாங்கியைக் குளிர்பெட்டியில் வைத்து, உறையைச் சூடாக்கினால் தாங்கி அடியின்றித் தானே உள்ளே அமரும்.

பசையை மெல்லிய படலமாகவே பூச வேண்டும். மிகுதியாகப் பூசியது உட்புறம் பிதுங்கி, உதிர்ந்து, எண்ணெய் வழிகளை அடைக்கும். திருகாணிகளை இறுக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் வணரித்தண்டைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். சுழற்சி கனத்தால் இறுக்குவதை நிறுத்திக் காரணத்தைக் கண்டறிய வேண்டும். திருகாணிகளை இறுக்கியே உறையின் இடைவெளியை மூடுவது உறை உடைவதற்கான மற்றொரு காரணமாகும்.

பாதுகாப்பு

பெட்ரோலால் பாகங்களைக் கழுவும் வழக்கம் இடர் மிக்கது. மண்ணெண்ணெய் அல்லது டீசல் இதற்கு ஏற்றது. கழுவிய உறை முற்றிலும் உலர்ந்து, எரிபொருள் கலன்கள் அப்புறப்படுத்தப்பட்ட பின்னரே வெப்பமூட்ட வேண்டும். உணவு சமைக்கும் அடுமனைப் பெட்டியில் எண்ணெய் படிந்த உறையைச் சூடாக்கலாகாது. இழுப்பான் இறுகிய நிலையில் தகடோ மரையாணியோ தெறிக்கக்கூடும் என்பதால் கண்ணாடி அணிதல் வேண்டும். வடித்த எண்ணெயை மழைநீர் வடிகாலில் ஊற்றாமல், கழிவு எண்ணெய் சேகரிப்போரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

இழுப்பான், வெப்பம், காத்திருத்தல் ஆகிய மூன்றுக்கும் உறை இணங்கவில்லை எனில், அதை நீரியல் அழுத்தி உள்ள பட்டறைக்குக் கொண்டுசெல்வதே உகந்தது. மாதவரத்துக்கு மேற்கே அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய பகுதிகளில் இத்தகைய பட்டறைகள் பல உள்ளன.

இவற்றையும் பார்க்க

- உள் எரி பொறி
- வணரித்தண்டு
- திருவொற்றியூர்
- மின்வேதி அரிப்பு